பட்டர் கேட்டேன், என்னத்தையோ குடுத்துட்டாங்க!

கேள்வி: அக்கா, ஷார்ட்பிரெட் பார் (வெண்ணெய் பிஸ்கட் மாதிரி) பண்ணலாம்னு பேக்கிங் சாமான் கடையில பட்டர் கேட்டேன். அரைக்கிலோ பாக்கெட் குடுத்தாங்க, வெண்ணெய் விலையில பாதிதான். ஊட்டி ஸ்ட்ராபெர்ரி, ரோஸ்மேரி இலை எல்லாம் காசு போட்டு வாங்கி மேல வெச்சு சுட்டா, அடி சொதசொதன்னு ஆயிடுச்சு, வாயில மெழுகு ஒட்டுன மாதிரி இருக்கு. பாக்கெட்டை திருப்பிக் குடுக்க முடியுமா?

பதில்: மொதல்ல அந்த கவரைத் திருப்பி பொடி எழுத்தைப் படிம்மா. மார்ஜரின்னோ ஃபேட் ஸ்ப்ரெட்னோ போட்டிருந்தா அது பட்டரே கிடையாது, பெரும்பாலும் தாவர எண்ணெயில பண்ணினது, டேபிள் பட்டர்னா பால் கொழுப்பு குறைஞ்சது 80 சதவீதம் இருக்கணும்ங்கறது சட்டம். பேக்கரி மார்ஜரின் லேசுல உருகாது, வெண்ணெய் நாக்குல வெச்சதும் கரையும், அந்த மெழுகு எங்கேர்ந்து வந்துச்சுன்னு புரியுதா? பிரிச்ச பாக்கெட்டை கடைக்காரர் சும்மா வாங்க மாட்டார்தான், ஆனா பில்லுல பட்டர்னு அடிச்சிருந்தா பில்லையும் கவரையும் ஒண்ணா எடுத்துட்டுப் போய் கேளு, மசியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் குடு. பில்லே வாங்கலைன்னா என்ன சொல்றது, பாடம்தான்.

ஷார்ட்பிரெட்டுக்கு ஸ்காட்லாந்துக்காரங்க கணக்கு 1:2:3, அதாவது 100 கிராம் சர்க்கரை, 200 கிராம் வெண்ணெய், 300 கிராம் மைதா. மூணுல ஒரு பங்கு வெண்ணெயே போகுது, முட்டை கூட கிடையாது, அப்ப காசு அங்கதான் போகணும், நீ அங்க மிச்சம் பிடிச்சுட்டு ஸ்ட்ராபெர்ரிக்கு செலவு பண்ணிருக்க! உப்பில்லாத வெண்ணெய் வாங்கு, உப்பு போட்டதுதான் கிடைச்சுதுன்னா தனியா உப்பு சேர்க்காத.

அடி சொதசொதன்னு போனதுக்கு பழமும் ஒரு காரணம். ஸ்ட்ராபெர்ரியில தொண்ணூறு சதவீதம் தண்ணி, பச்சையா அடுக்கினா அத்தனையும் மாவுக்குள்ளதான் இறங்கும். அதனால அடி மாவை மட்டும் 170 டிகிரியில இருபது நிமிஷம் வெறுமனே சுட்டு எடுத்துக்கோ, பழத்தை சர்க்கரை, ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளாரோட கெட்டியா கிண்டி மேல தடவி மறுபடி உள்ள வை. இதுக்கு பெட்டியில அடுக்கி வெச்ச பெரிய பழமெல்லாம் தேவையில்ல, நசுங்குனதை சல்லிசா குடுப்பாங்க, அதுவே போதும் (பூஞ்சை பிடிச்சது மட்டும் வேணாம்).

ரோஸ்மேரி ஒரு டப்பா வாங்கி ரெண்டு இணுக்கு போட்டுட்டு மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல காயவிடறதுதான் எல்லார் வீட்டுலயும் நடக்குது, எங்க வீட்டுலயும்தான். காஞ்சதுன்னா பச்சைல போடுறதுல மூணுல ஒரு பங்கு போதும், இல்லைன்னா தைலம் வாசனை தூக்கும். எனக்கு கேட்டா எலுமிச்சைத் தோல் துருவலும் கொஞ்சம் புதினாவுமே அம்சமா இருக்கும்.

அப்புறம், அடுப்புல இருந்து எடுத்த சூட்டோட கத்தியால கோடு போட்டு வெச்சிடு, ஆறினப்புறம் வெட்டினா பொடிப்பொடியா உதிர்ந்துடும்.