மெயிலில் வந்த தவறான லிங்கைக் கிளிக் செய்துவிட்டேன். ஐடி பிரிவிடம் சொன்னால் மாட்டிக்கொள்வேனா?

சொல்லுங்கள், அதுவும் உடனே. போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டியிருந்தாலும், சில நிமிடங்களில் தெரிந்தால் பாதுகாப்புக் குழு உங்கள் கணக்கின் லாகின்களைத் துண்டித்து, அதே மெயிலை மற்றவர்களின் இன்பாக்ஸிலிருந்தும் எடுத்துவிட முடியும். இரண்டு நாள் கழித்துத் தெரிந்தால், உங்கள் மெயில்கள் தானாக வெளியே ஃபார்வர்டு ஆகும்படி செய்துவிட்டு, திருடன் அடுத்த சர்வருக்கே போயிருக்கலாம்.

2020-இல் ஃபயர்ஐ என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனத்தில், லாகினை உறுதிசெய்ய ஓர் ஊழியரின் பெயரில் இரண்டாவது போன் பதிவாகியிருந்தது. பாதுகாப்புக் குழு அவரையே கூப்பிட்டுக் கேட்க, தன்னுடையது இல்லை என்றார். அந்த நூலைப் பிடித்துத்தான், சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் மென்பொருள் வழியாகப் பல நிறுவனங்களுக்குள் நடந்த ஊடுருவல் வெளிச்சத்துக்கு வந்தது.

சொன்னவரைத் திட்டும் மேலாளரிடம் அடுத்தவர் வாயே திறக்க மாட்டார். அங்கே மாற வேண்டியது மேலாளர்தான். அப்புறம், அந்த மெயிலை அழிக்காதீர்கள். கிளிக் செய்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.