ஹோமோசிஸ்டீன் 22 என்றால் மாரடைப்பு வருமா? வாசகர் கேள்வி-பதில்

"ஹோமோசிஸ்டீன் அதிகம், என்ன செய்யலாம்?" என்று ஒற்றை வரியில் வந்த கடிதங்களே இந்த முறை அதிகம். ஹோமோசிஸ்டீன் என்பது ரத்தத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம். அளவு எவ்வளவு, வயது என்ன, என்னென்ன மருந்து, பி12 பார்த்தாயிற்றா, எதுவும் இல்லை. இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பதில்கள் இதோ.

வயது 48. ஹோமோசிஸ்டீன் 22 வந்திருக்கிறது. மாரடைப்பு வரும் என்று அர்த்தமா?

இல்லை. 15 வரை (லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கில்) சாதாரணம், 15 முதல் 30 வரை லேசான உயர்வு. உங்கள் அளவுக்குப் பெரும்பாலும் பி12 அல்லது ஃபோலேட் என்ற பி வைட்டமின்களின் குறைவுதான் காரணமாக இருக்கும். அடுத்தபடி சிறுநீரகம், தைராய்டு. பி12, ஃபோலேட், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், தைராய்டுக்கு டிஎஸ்எச் பார்த்துவிடுங்கள். இதயத்தைப் பற்றிக் கவலைப்பட்டு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பிபி எவ்வளவு, எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு எவ்வளவு, சர்க்கரை உண்டா, புகைப்பழக்கம் உண்டா என்று ஒரு வரி இல்லை. உங்கள் கேள்விக்கு ஹோமோசிஸ்டீனை விட அவைதான் முக்கியம்.

வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டுமா?

ஆமாம், 10–12 மணி நேரம். தண்ணீர் குடிக்கலாம், காபி வேண்டாம். முந்தின இரவு புரதம் மிகுந்த பெரிய விருந்தும் வேண்டாம்.

ஒரே வாரத்தில் இரண்டு லேப்களில் கொடுத்தேன். ஒன்றில் 13, இன்னொன்றில் 21. எந்த லேப்பின் மெஷின் சரி?

மெஷினை விடுங்கள். ரத்தம் எடுத்த பிறகு அந்த டியூப் எங்கே, எவ்வளவு நேரம் கிடந்தது என்று கேளுங்கள்.

சிவப்பணுக்கள் டியூபுக்குள் வந்த பிறகும் வேலையை நிறுத்துவதில்லை. ஹோமோசிஸ்டீனை உண்டாக்கி, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் விட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். நாலைந்து மணி நேரம் அப்படியே கிடந்தால் 13 என்பது 20-ஐத் தொட்டுவிடும். உங்கள் உடம்பில் எந்த மாற்றமும் இல்லை, ஏறியது டியூபுக்குள்.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிறார்களே, அதில் இது இன்னும் மோசம். காலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டில் எடுத்த டியூப் பைக்குள் போகிறது. அப்புறம் இன்னும் ஐந்தாறு வீடு. பத்தரைக்கு லேப், பதினொன்றுக்கு சென்ட்ரிஃப்யூஜ், அதாவது ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் மெஷின். மெஷின் தன் வேலையைச் சரியாகவே செய்து, இல்லாத ஒரு உயர்வைத் துல்லியமாக அளந்து கொடுக்கிறது. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்று வருகிறது, வீடே கலங்கிப்போகிறது. இப்படி வந்த ஒரு எண்ணை நம்பி வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. ஒரு பெட்டி ஐஸ் வைத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எடுத்தவுடன் டியூபை ஐஸில் வைக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். பிரித்த பிறகு அவசரமில்லை, நாள்கணக்கில் அளவு மாறாது. ரிப்போர்ட்டின் தலைப்பில் ரத்தம் எடுத்த நேரமும் லேபுக்கு வந்த நேரமும் போட்டிருக்கிறதா பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்து, ஐஸில் வைத்தார்களா என்ற கேள்விக்கு நேரான பதிலும் வராவிட்டால், அந்த எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். லேபுக்கே நேரில் போய் மறுபடி கொடுங்கள்.

பி வைட்டமின் சாப்பிட்டால் ஹோமோசிஸ்டீன் குறையுமாமே. அப்படியென்றால் மாரடைப்பும் வராதுதானே?

அளவு குறையும் என்பது உண்மை, பின்பாதிதான் நிரூபணமாகவில்லை. 1969-ல் அமெரிக்க மருத்துவர் கில்மர் மெக்கல்லி ஹோமோசிஸ்டீனுக்கும் ரத்தக்குழாய் பாதிப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொன்னதிலிருந்து எல்லோரும் எதிர்பார்த்தது இதைத்தான். 2006-ல் ஹோப்-2, நார்விட் என்ற இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு வந்தது. ஹோப்-2-ல் சுமார் 5,500 பேர், ஐந்து வருடம். ஹோமோசிஸ்டீன் நன்றாகவே இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. 2015-ல் சீனாவில் 20,000 ரத்த அழுத்த நோயாளிகளிடம் பிபி மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் (மாத்திரை வடிவ ஃபோலேட்) சேர்த்துக் கொடுத்தபோது, பிபி மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களை விட முதல் பக்கவாதம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அங்கே மாவில் ஃபோலேட் சேர்க்கும் வழக்கம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்யச் சாப்பிடுங்கள். மாரடைப்புக்குக் காப்பு என்று நினைத்து, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடினையோ பிபி மாத்திரையையோ விட்டுவிடாதீர்கள். சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் அதிக டோஸ் பி வைட்டமினைத் தாங்களாகத் தொடவே கூடாது. அவர்களுக்கு அது கெடுதல் செய்ததை 2010-ல் வந்த ஆய்வு காட்டியது.

ஃபோலிக் அமிலம் 5 மி.கி. நானே வாங்கி ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன். தொடரலாமா? பாதம் மரத்துப்போகிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு என்றே வைத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் போனால் ரத்தசோகை சரியாகி, ரத்தப் பரிசோதனை அழகாகத் தெரியும். நரம்பு பாதிப்போ உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே போகும். ரொம்ப நாள் விட்டால் முழுதாகத் திரும்பாது. எத்தனை முறை எழுதினாலும் மறுபடி எழுதுகிறேன்: பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தைத் தொடாதீர்கள்.

எட்டு வருடமாக மெட்ஃபார்மின். அதனால் ஹோமோசிஸ்டீன் கூடுமா?

கூடலாம். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் பி12 உட்கிரகிப்பைக் குறைக்கும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், வருடம் ஒருமுறை பி12 பாருங்கள். மெதோட்ரெக்சேட், ஃபெனிடாயின், ஃபெனோஃபைப்ரேட் சாப்பிடுகிறவர்களுக்கும் ஹோமோசிஸ்டீன் ஏறலாம்.

எம்டிஎச்எஃப்ஆர் மரபணுப் பரிசோதனை எடுக்கவா?

வேண்டாம். எம்டிஎச்எஃப்ஆர் என்பது உடம்பு ஃபோலேட்டைப் பயன்படுத்த உதவும் மரபணு. அதில் வரும் மாற்றம் மிகச் சாதாரணமாக மக்களிடம் காணப்படுவது. தெரிந்துகொண்டாலும் சிகிச்சை மாறப்போவதில்லை.

ஒன்பது வயது மகனுக்கு 140. வைட்டமின் டானிக் போதுமா?

போதாது, டானிக் கொடுத்துக் காத்திருக்கவும் வேண்டாம். 100-க்கு மேல் போனால் ஹோமோசிஸ்டினூரியா என்ற பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறாக இருக்கலாம். கண் லென்ஸ் இடம் நகரும், ரத்தம் உறையும். குழந்தைகளின் வளர்சிதை மாற்றக் கோளாறுகளைப் பார்க்கும் நிபுணரிடம் உடனே கூட்டிப்போங்கள், கண் பரிசோதனையும் செய்யுங்கள். சிலருக்கு அதிக அளவு பி6 மட்டுமே நன்றாக வேலை செய்யும், மற்றவர்களுக்கு மெதியோனின் (புரத உணவில் உள்ள அமினோ அமிலம்) குறைந்த உணவும் பீட்டெய்ன் என்ற மருந்தும் உண்டு. சீக்கிரம் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கிற நோய் இது.

சிகிச்சை தொடங்கியாயிற்று. எத்தனை நாள் கழித்து மறுபடி எடுக்கலாம்?

இரண்டு, மூன்று மாதம் கழித்து, முதலில் எடுத்த அதே லேபில். எடுத்தவுடன் டியூபை ஐஸில் வைக்கிறார்களா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.