சுற்றுலாவுக்குக் கைச்செலவுப் பணம்: எவ்வளவு, எப்படி எடுத்துப் போவது?

கேள்வி: ஈப்போவிலிருந்து பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு போகிறோம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர், மூன்று நாள். ஹோட்டலுக்குக் கட்டியாயிற்று. கையில் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) இருக்க வேண்டும்?

நாள் கணக்கு வேண்டாம், வேளைக் கணக்குப் போடுங்கள். மூன்று நாளுக்கு ஒன்பது வேளை. முதல் நாள் காலை வீட்டில் பசியாறிவிட்டுக் கிளம்புவீர்கள்; ஹோட்டலில் காலைப் பசியாறல் உண்டென்றால் இன்னும் இரண்டு கழியும். மிச்சம் ஆறு வேளை. அங்காடிக் கடைகளில் சாப்பிடுவதென்றால் தலைக்கு 15 ரிங்கிட் வையுங்கள்; நான்கு பேருக்கு 360. செண்டோல், தண்ணீர், மாலைத் தேநீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 10 என்றால் 120. ஆக 480.

இந்தக் கணக்கு உடைகிற இடம் நாசி கண்டார் கடை. சோறு மலிவு, தட்டில் விழும் ஒவ்வொரு கறிக்கும் தனி விலை. பெரிய இறாலும் கணவாய் முட்டையும் சேர்ந்தால் ஒரு தட்டே இரண்டு பேர் சாப்பாட்டு விலைக்கு ஏறிவிடும். விலைப் பட்டியல் இல்லாத கடையில், தட்டில் போடச் சொல்லும் முன்பே விலையைக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உணவகத்தின் மெனுவில் விலைக்கு அருகே இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் சேரும். 100 ரிங்கிட்டுக்குச் சாப்பிட்டால் கட்டுவது ஏறக்குறைய 116.

பினாங்குப் பாலத்தில் டோல் தீவுக்குள் நுழையும்போது மட்டுமே. கார் நிறுத்தப் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலியில் முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலில் மலேசியர்களுக்குக் கட்டணம் குறைவு. உங்கள் அடையாள அட்டையான மைகாட்டோடு பிள்ளைகளின் அட்டையான மைகிட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். நுழைவுச்சீட்டுப் பணத்தைச் சாப்பாட்டுப் பணத்தோடு கலக்காதீர்கள். ஜாதிக்காய், தாவ் சார் பியா பிஸ்கட் வாங்கி வரச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, அதற்கும் தனி உறை. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்து, அதை வேறொருவர் பையில் வையுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து கோலாலம்பூர் வருகிறோம். ரூபாயாகவே கொண்டுவந்து அங்கே மாற்றலாமா?

முழுவதையும் அப்படிக் கொண்டுவர முடியாது. இந்தியாவிலிருந்து ஒருவர் வெளியே எடுத்துச் செல்லக்கூடிய ரூபாய் நோட்டு 25,000 வரைதான். பெரும்பகுதியைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் விலை சாதகமாக இருக்காது. ஊருக்குள் போய்ச் சேர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் அங்கே மாற்றுங்கள். மீதியை மஸ்ஜித் இந்தியா பக்கம் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்து மாற்றலாம்.

கடையிலோ ஏடிஎம்மிலோ அட்டையைப் போட்டதும் 'ரூபாயிலா, ரிங்கிட்டிலா' என்று திரை கேட்டால் எப்போதும் ரிங்கிட். ரூபாயைத் தொட்டால் அந்த இயந்திரத்துக்காரர் வைத்த விலைதான் உங்களுக்கு. அது பெரும்பாலும் உங்கள் வங்கி தருவதைவிட மோசம்.

பலர் விட்டுவிடும் செலவு ஒன்று உண்டு. வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. ஆளுக்கல்ல, அறைக்கு. இரண்டு அறை, நான்கு இரவு என்றால் 80. முன்பதிவுத் தொகையில் இது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஹோட்டல் முகப்பில் கேட்பார்கள். பத்துமலைக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில் போகிறது. படியேறிக் கோயிலுக்குப் போகக் கட்டணமில்லை.

கேள்வி: மலேசியாவிலிருந்து மதுரைக்குப் போகிறேன். அலமாரியில் பழைய ரூபாய் நோட்டுகள் இருக்கின்றன. செல்லுமா?

2016இல் செல்லாததாக்கிய பழைய 500, 1000 நோட்டுகளுக்கு இனி மதிப்பில்லை. 2000 ரூபாய் நோட்டை 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டது. கடைகளில் வாங்க மாட்டார்கள். இங்கே மாற்றும்போது அந்த நோட்டு வந்தால் திருப்பிக் கொடுங்கள். 100 ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். ஆட்டோவுக்கும் பூக்கடைக்கும் 500ஐ நீட்டினால் சில்லறை கிடைக்காது.

கேள்வி: மணி சேஞ்சர் கொடுக்கும் விலை நல்லதா என்று எப்படித் தெரியும்?

பலகையில் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் பாருங்கள். உதாரணத்துக்கு, 100 ரூபாயைக் கடைக்காரர் உங்களிடம் வாங்குவது 5.00 ரிங்கிட்டுக்கு, உங்களுக்கு விற்பது 5.15 ரிங்கிட்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 ரிங்கிட்டுக்கு 19,417 ரூபாய் வரும். அதைச் செலவழிக்காமல் அதே விலைக்குத் திருப்பிக் கொடுத்தால் 971 ரிங்கிட்தான் கைக்கு வரும். 29 போய்விட்டது. இரு விலைக்கும் இடைவெளி குறைந்த கடையே நல்ல கடை. தேவைக்கு மேல் மாற்றாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

கேள்வி: போன பயணத்தில் டெபிட் அட்டையில் பணம் இருந்தும் பாதி வழியில் மறுத்துவிட்டது. ஏன்?

எண்ணெய் நிலையத்தில், பம்ப் அருகிலேயே அட்டையைச் செருகினீர்களா? 50 ரிங்கிட்டுக்கு எண்ணெய் ஊற்றினாலும் முதலில் 200 ரிங்கிட்டைப் பிடித்துவைப்பார்கள். மிச்சம் கணக்குக்குத் திரும்பச் சில நாள் ஆகலாம். இரண்டு முறை ஊற்றினால் 400 முடங்கும். டெபிட் அட்டை என்றால் உள்ளே முகப்பில் போய்த் தொகையைச் சொல்லிக் கட்டுங்கள்.