இன்ஸ்மத் டாலர்: கேட்டவர்களுக்குப் பதில்

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஹெச்.பி. லவ்கிராஃப்ட் 1931-இல் எழுதி, 1936-இல் புத்தகமாக வந்த ‘தி ஷேடோ ஓவர் இன்ஸ்மத்’ என்ற கடல் திகில் கதையில் ஒரு விசித்திரமான கிரீடம் வரும். இன்ஸ்மத் அதில் வரும் கற்பனைக் கடற்கரை ஊர். அதை மனதில் வைத்து நான் மெழுகில் செதுக்கி வெள்ளியில் வார்த்த டாலரைப் பார்த்தவர்கள் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அக்கா, கடல் திகில் என்றாலே ஆக்டோபஸ் கைகள்தானே? உங்கள் டாலரில் ஒன்றுகூட இல்லையே?

வேண்டுமென்றேதான் விட்டேன், தம்பி. அந்தக் கதையில் எனக்கு உடம்பு சிலிர்த்த இடம் பூதம் வருகிற இடம் இல்லை. கதைசொல்லி நியூபரிபோர்ட் ஊரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிற இடம். உள்ளே கிரீடம். 1873-இல் குடிபோதையில் ஒருவன் அடிமாட்டு விலைக்கு அடகு வைத்துப் போனது. முன்பக்கம் உயரம், சுற்றளவு கோணல்மாணல். மனிதத் தலைக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்ட ஒரு தலைக்குச் செய்தது போல இருக்கும். வேலைப்பாடு அபாரம். ஆனால் எந்த நாட்டுக் கலை மரபிலும் அது சேரவில்லை, மரபை உடைக்கிற புதுமைக் கலையாகவும் இல்லை. அங்கேதான் அவனுக்குள் பயம் நுழைகிறது.

நான் பிடிக்க நினைத்தது அதைத்தான். ஆக்டோபஸ் போட்டால் பார்த்தவுடன் “ஓ, ஆக்டோபஸ்” என்று கண் நகர்ந்துவிடும். என் டாலரில் அலை மாதிரி ஒரு வரி, செதில் மாதிரி ஒரு வரிசை, நடுவில் இமை இல்லாத ஒரு கண். வலது பக்கம் இடது பக்கத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் அகலம். ஏதோ சரியில்லை என்று முதலில் தோன்றும், எது என்று பிறகுதான் பிடிபடும்.

கதையில் தங்கம் என்றுதானே வருகிறது? ஏன் வெள்ளி?

வெறும் தங்கம் இல்லை, ஏதோ கலந்த வெளிறிய தங்கம். அதற்கு நிஜத்தில் மிக நெருங்கி வருவது 75 பங்கு தங்கமும் 25 பங்கு வெள்ளியும் கலந்த 18 காரட். லேசாகப் பச்சை ஓடும் மஞ்சள் வரும். கையில் காசு இருந்தால் அதில்தான் செய்வேன். இப்போதைக்கு 925 வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி.

நானும் செய்து பார்க்கலாமா? பட்டறை இல்லை.

தாராளமாக. மெழுகு வேலைக்குப் பட்டறையே வேண்டாம். ஒரு மேசை, நல்ல விளக்கு, கத்தி, அரம், சூடு காட்டிய ஊசி போதும். செதுக்கி முடித்ததை வார்ப்புக்காரரிடம் கொடுத்துவிடலாம். அவர் அதைச் சுற்றிப் பிளாஸ்டர் ஊற்றி, உலையில் மெழுகை எரித்து வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் வெள்ளியை நிரப்புவார். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகில் குங்கிலியம் சேர்த்து உருப்பிடித்து, மேலே வண்டல் மண் பூசிச் செய்வதும் இதே வழிதான்.

கணக்கு ஒன்று நினைவில் இருக்கட்டும்: 1 கிராம் மெழுகு, வெள்ளியில் ஏறக்குறைய 10.5 கிராம் ஆகும். என் மெழுகு 1.2 கிராம், டாலர் பன்னிரண்டரை கிராம் வந்தது. கனம் கூடினால் நாள் முழுக்கப் போட்டிருக்கக் கழுத்துக்குப் பாரமாக இருக்கும்.

முதல் தடவை நான் செதிலின் ஓரங்களை அரை மில்லிமீட்டருக்கு இழைத்துவிட்டேன். மெழுகில் பார்க்க அவ்வளவு அழகு. வார்த்து வந்தபோது வெள்ளி அதுவரை ஓடவே இல்லை, பாதிச் செதில் மொட்டையாக நின்றது. இரண்டு வார வேலை போச்சு. எந்த இடமும் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போக வேண்டாம். கூர்முனைகளையும் மழுக்கிவிடுங்கள். வார்த்த பிறகு பழைய நைலான் துணியில் தேய்த்துப் பாருங்கள், நூல் இழுத்தால் சேலையையும் இழுக்கும்.

அந்தக் கறுப்பு நிறம் எப்படி வந்தது மேடம்? பெயின்ட்டா?

இல்லைங்க, அவித்த முட்டை! சூட்டோடு மசித்து, மூடியுள்ள டப்பாவில் ஓரமாகப் போட்டு, முட்டை மேலே படாமல் டாலரையும் வைத்து மூடிவிட வேண்டும். முட்டையிலிருந்து வரும் கந்தக வாடை வெள்ளியோடு சேர்ந்து முதலில் பொன்னிறம், பிறகு பழுப்பு, ராத்திரி முழுக்க வைத்தால் கறுப்பு. பிறகு மேடான இடங்களை மட்டும் துணியால் தேய்த்து வெளுக்க வேண்டும். பள்ளத்தில் கறுப்பு தங்கிவிடும், அப்போதுதான் அந்தக் கண் திறக்கும்.

கடையில் கிடைக்கும் கந்தகக் கலவை வேகமாக வேலை செய்யும். ஆனால் அதை எந்த அமிலத்தோடும் சேர்த்துவிடாதீர்கள், வருகிற வாயு ஆளைக் கொல்லும்.

கதுல்ஹு சிலையை மாக்கல்லில் செதுக்கி டாலராகப் போடலாமா?

நல்ல யோசனைதான். கதுல்ஹு என்பது லவ்கிராஃப்டின் ‘தி கால் ஆஃப் கதுல்ஹு’ கதையில் வரும் கடல் பூதம். அந்தக் கதையில் அதன் சிலையின் கல், சோப்புப் போல வழுவழுப்பாக, கரும்பச்சையில் பொன் புள்ளிகளோடு வருகிறது. கல்சட்டி செய்கிற மாக்கல்லின் தொடுகை அப்படியேதான் இருக்கும். ஆனால் நகம் பட்டாலே கீறல் விழும். சுற்றிலும் வெள்ளிச் சட்டம் கட்டினால்தான் தாங்கும். அறுக்கும்போது கல்லை நனைத்துக்கொள்ளுங்கள், முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

விற்கலாமா? உரிமைப் பிரச்சினை வருமா?

லவ்கிராஃப்ட் இறந்தது 1937-இல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை, அதனால் இங்கே கதைகள் பொதுச் சொத்து. பிற்காலத்தில் விளையாட்டுக்காகவும் படத்துக்காகவும் மற்றவர்கள் வரைந்த உருவங்களை மட்டும் தொடாதீர்கள். கதை வரிகளிலிருந்து நீங்களே உருவம் எடுங்கள்.

லவ்கிராஃப்ட் தவிர வேறு யார்?

வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன். இதைக் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். லவ்கிராஃப்டுக்குக் கடல் உணவின் வாடையே ஆகாது. ஹாட்ஜ்சனோ சின்ன வயதிலேயே கப்பலேறி, கடலில் விழுந்தவரைக் காப்பாற்றிப் பதக்கம் வாங்கியவர். 1918-இல் போர்முனையில் இறந்தார். அவருடைய 1907-ஆம் வருடக் கதை ஒன்றில், தீவில் ஒதுங்கிய இருவர் மேல் சாம்பல் நிறப் பூஞ்சை கொஞ்சம் கொஞ்சமாகப் படர்கிறது. என் அடுத்த டாலர் அதுதான், வெண்கலத்தில்.

பின்பக்கம் ர்’லியேயின் இடத்தைப் பொறித்துத் தருவீர்களா அக்கா?

தருகிறேன். ர்’லியே, கதுல்ஹு உறங்கும் கடலடி நகரம். ‘தி கால் ஆஃப் கதுல்ஹு’ கதையில் உள்ளபடி அது 47°9′ தெற்கு, 126°43′ மேற்கு. எந்தக் கரையிலிருந்தும் மிகத் தொலைவான கடற்புள்ளி என்று 1992-இல் கணக்கிட்ட பாயிண்ட் நீமோவும் அந்தப் பக்கம்தான், மிக அருகில் உள்ள நிலமே 2,688 கிலோமீட்டர் தள்ளி.

நீங்களே செய்வதானால் எழுத்தை மெழுகில் வெட்டாதீர்கள், வார்த்து மெருகேற்றும்போது தேய்ந்துவிடும். வார்த்த பிறகு வெள்ளியில் பொறியுங்கள். பின்பக்க விளிம்பை அரை மில்லிமீட்டர் உயர்த்திவிட்டால் சட்டைத் துணி எழுத்தில் உரசாது.