விமானி ஆக முடியாத மகனுக்கு ஓடுபாதையில் ஒரு படிப்பு

அம்மா, வணக்கம். விமானி ஆக வேண்டும் என்றிருந்த மகனுக்கு மருத்துவப் பரிசோதனையில் நிறப் பார்வைக் குறைபாடு என்று சொல்லிவிட்டார்கள், நாலு நாளாக யாரிடமும் சரியாகப் பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சின்ன வயதிலிருந்து வளர்த்த ஆசை, கொஞ்ச நாள் வலிக்கத்தான் செய்யும்.

'விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆகலாமே' என்று உறவினர்கள் சொல்வார்கள். அதற்கும் மருத்துவச் சான்று வேண்டும், நிறப் பார்வையும் பார்ப்பார்கள். அங்கே போய் இன்னொரு முறை அவன் மனசு உடைய வேண்டாம்.

கணக்கும் இயற்பியலும் நன்றாக வருகிறது என்றீர்களே, அதைப் பிடித்துக்கொள்வோம். சிவில் இன்ஜினியரிங் எடுத்துவிட்டு, மேற்படிப்பில் ஓடுபாதைத் தளம் பக்கம் போகலாம். 'வெறும் ரோடு போடுகிற வேலையா?' என்று தோன்றும். கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். விமானம் இறங்கும்போது அதன் சக்கரம் சுழலாமல்தான் தரையைத் தொடுகிறது. அந்த நொடித் தேய்ப்பில் ரப்பர் உருகித் தளத்தில் ஒட்டிக்கொள்ளும். மழைநீர் வடிவதற்காகத் தளத்தின் குறுக்கே சுமார் 6 மில்லிமீட்டர் அகலத்திலும் ஆழத்திலும் காடிகள், அதாவது மெல்லிய பள்ளக் கோடுகள், வெட்டியிருப்பார்கள். ரப்பர் அவற்றை அடைத்துவிட்டால், மழையில் சக்கரம் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டே போகும், பிரேக் பிடிக்காது. அதனால்தான் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே ஓடும் வண்டியால் உராய்வை அளக்கிறார்கள். குறைந்திருந்தால் உயர் அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சி ரப்பரை எடுக்கிறார்கள். ஓடுபாதை எவ்வளவு வழுக்கும் என்பதை 0 முதல் 6 வரை எண்ணாகச் சொல்லும் உலகளாவிய முறை 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இறங்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று விமானி போடும் கணக்கு அந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது.

விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போனால்கூட, சில விமான நிலையங்களில் அதன் முனையில் பதித்த நொறுங்கும் கான்கிரீட்டில் சக்கரம் புதைந்து நின்றுவிடும். அந்தக் கான்கிரீட் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும், எவ்வளவு நீளம் வேண்டும் என்பதும் இந்தத் துறைக் கணக்குதான்.

விமானி வேலைக்கு இது ஒரு படி கீழே என்று உங்கள் மனசில் இருந்தால், 2000 ஜூலை 25-ஐ நினைத்துப் பாருங்கள். பாரிஸில் முன்னால் போன விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்து கிடந்த, சுமார் 43 சென்டிமீட்டர் நீளமே இருந்த ஓர் உலோகத் தகடு கான்கார்ட் என்ற பயணிகள் விமானத்தின் டயரைக் கிழித்தது. அந்த விமானம் விழுந்து நொறுங்கி 113 பேர் இறந்தார்கள். ஓடுபாதையை யார் எத்தனை முறை, எதை வைத்துப் பார்க்கிறார்கள் என்பதில் உயிர் இருக்கிறது, அம்மா.

ஒரு எச்சரிக்கை: ஓடுபாதைக்குள் வண்டி ஓட்டிப் போய்ச் சோதிக்கும் பணிக்குச் சில இடங்களில் நிறப் பார்வை கேட்பார்கள். விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். வடிவமைப்பு, தளப்பொருள் ஆய்வகம், விபத்துத் தரவு ஆய்வு போன்றவற்றுக்குப் பொதுவாக அந்தத் தடை இல்லை.

அடுத்த வாரம் முடிந்தால் அவனையும் கூட்டி வாருங்கள். காடி வெட்டிய தளத்தின் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. மார்க் பற்றி எதுவும் கேட்காமல், அதை அவன் கையில் கொடுத்துத்தான் பேச ஆரம்பிப்பேன்.