டென்னிஸ் என்றால் குடிகாரனா?

கேள்வி: எங்கள் பையனுக்கு ஞானஸ்நானத்தின்போது டென்னிஸ் என்று பெயர் வைத்தோம். அது கிரேக்கர்களின் மதுக்கடவுள் பெயர், கிறிஸ்தவப் பிள்ளைக்கு ஆகாது, உடனே மாற்றுங்கள் என்று உறவினர் ஒருவர் பிடிவாதமாகச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: வேண்டாம். உங்கள் உறவினர் அரைகுறையாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார். திராட்சைக்கும் மதுவுக்கும் உரிய கிரேக்கக் கடவுள் டயோனிசஸ். அவரைச் சேர்ந்தவன் என்ற பொருளில் வந்த பெயர் டயோனிசியஸ். அது பிரெஞ்சில் தெனி ஆகி, ஆங்கிலத்தில் டென்னிஸ் ஆயிற்று. பெண் குழந்தைக்கு டெனீஸ். இதுவரை அவர் சொன்னது சரி. ஆனால் டயோனிசஸ் வெறும் சாராயக் கடவுள் அல்ல. ஏதென்ஸில் சோஃபோக்ளிஸின் நாடகங்கள் அரங்கேறியதே அவருக்கு எடுத்த திருவிழாவில்தான். நாடகக்காரப் பெயர் என்று சொல்ல உறவினருக்கு ஏனோ தோன்றவில்லை!

அடுத்து, வீட்டில் இருக்கும் பைபிளைத் திறக்கச் சொல்லுங்கள். அப்போஸ்தலர் 17:34. ஏதென்ஸில் பவுல் பேசியதைக் கேட்டு விசுவாசித்தவர்களில் ஒருவர் தியொனீசியு. அதே பெயர்தான். 'முதலில் பேரை மாற்று, பிறகு வா' என்று பவுல் அவரை வாசலில் நிறுத்தியதாக ஒரு வரிகூட இல்லை. ரோமர் 16-ஆம் அதிகாரத்தில் அவர் வாழ்த்துச் சொல்லும் பட்டியலில் எர்மே என்று ஒருவர் வருகிறார். ஹெர்மிஸ் என்ற கிரேக்கக் கடவுளின் பெயரேதான், ஒட்டு ஏதும் இல்லாமல்!

3-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் ஆயராக இருந்து தலை வெட்டப்பட்டவரும் ஒரு தெனிதான். வெட்டுண்ட தலையைக் கையில் ஏந்தி நடந்தார் என்பது ஐதீகம். நம்புவது அவரவர் விருப்பம். அவர் பெயரால் எழுந்த செயின்ட் தெனி பேராலயத்தில்தான் பிரெஞ்சு மன்னர்களில் பெரும்பாலோரை அடக்கம் செய்தார்கள். ஐரோப்பாவில் இந்தப் பெயர் பரவியதற்கு இந்தப் புனிதர்தான் முக்கியக் காரணம், மதுக்கடவுள் அல்ல. ரஷ்யாவில் தடுக்கி விழுந்தால் ஒரு டிமித்ரி இருப்பார். அது விளைச்சல் தெய்வமான டெமெட்டரின் பெயரிலிருந்து வந்தது. அங்கே யாரும் அதற்காகப் பஞ்சாயத்து கூட்டுவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் உறவினர் விடவில்லை என்றால், பையனின் பிறப்புச் சான்றிதழை அவர் கையில் கொடுங்கள். கிறிஸ்து பிறப்பை வைத்து ஆண்டு எண்ணும் முறையை 525-இல் ரோமில் வகுத்தவர் ஒரு துறவி. ஈஸ்டர் தேதிகளுக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தவர், கிறிஸ்தவர்களை வதைத்த டயோக்ளீஷியன் மன்னனை வைத்து ஆண்டு எண்ண மனம் ஒப்பாமல் இந்தக் கணக்கைத் தொடங்கினார். அந்தத் துறவியின் பெயர் டயோனிசியஸ். சான்றிதழில் பிறந்த ஆண்டையும் சேர்த்து மாற்றித் தருவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.