இரண்டு விருப்பப் பாடங்கள் ஏன் ஒரே நேரத்தில் மோதுகின்றன?

மாணவர்களிடம் விருப்பத்தை முதலில் வாங்கி, பிறகு வகுப்பு நேரம் குறிப்பதே விருப்பம் சார்ந்த கால அட்டவணை. ஒரு பாடத்தை எத்தனை பேர் கேட்டார்கள் என்பது அறையின் அளவைத்தான் சொல்லும். நேரத்தை முடிவு செய்வது, எந்த இரண்டு பாடங்களை ஒரே ஆட்கள் கேட்டார்கள் என்பது.

ஒரே முகூர்த்தத்தில் தாம்பரத்தில் ஒரு கல்யாணம், அம்பத்தூரில் ஒன்று. இரண்டுக்கும் பொதுவான சொந்தம் இல்லையென்றால் யாருக்கும் சிக்கலில்லை. இருந்தால்தான் சங்கடம்.

30 பாடங்கள் இருந்தால் 435 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியையும் எத்தனை பேர் சேர்த்துக் கேட்டார்கள் என்று எண்ணி, அதிகம் உள்ளதை முதலில் வெவ்வேறு நேரத்துக்குப் பிரிக்க வேண்டும். அதற்கும் முன்பே ஆய்வக வகுப்புகளை வைத்துவிடுவது நல்லது. அவற்றுக்கு வேண்டிய தொடர்ச்சியான மூன்று மணி நேர இடைவெளி கடைசியில் தேடினால் கிடைக்காது. வாரம் இரண்டு நாள் மட்டும் வரும் கௌரவ விரிவுரையாளருக்கும் அப்படித்தான். பல இடங்களில் அட்டவணையைப் போட்டுவிட்டு அப்புறம் விருப்பம் கேட்கிறார்கள், அது வெறும் சடங்கு.

மென்பொருள் வாங்கினால் மோதலே வராது என்பது தவறு: ஆறு பாடங்களில் எந்த இரண்டை எடுத்தாலும் இரண்டையும் கேட்ட ஒரு மாணவராவது இருந்து, வகுப்பு நேரங்கள் ஐந்துதான் என்றால், ஒரு மோதல் நிச்சயம்.